இரவல் சட்டமும் அடிமையின் முதுகும்



ஒரு தேசம் அன்னியன் பிடியிலிருந்து விலகி, உலகத்திலுள்ள உயர்ந்த சட்டங்களையெல்லாம் பார்த்துத் தனக்கும் ஒரு அரசியல் சட்டம் எழுதிக்கொண்டால், அத்தேச மக்கள் யாவரும் விடுதலை பெற்றுவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் போர்ச்சுகலுக்கு அடிமைப்பட்டிருந்த பிரேசிலைக் கொண்டு யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

1789இல் மினாஸ் ஜெராய்ஸ் என்னும் தங்கச் சுரங்கப் பிரதேசத்தில் போர்ச்சுகல் ஆட்சிக்கு விரோதமாய்க் கூடியவர்களிடம், வட அமெரிக்கச் சட்டங்கள் அடங்கிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றிருந்தது. அவர்களில் திராதென்டிஸ் என்பவர் 1792இல் தூக்கிலிடப்பட்டார். 1821 ஏப்ரலில் ரியோ நகரத்தில் கூடியவர்கள், ஸ்பெயின் தேசத்தார் 1812இல் காடிஸ் நகரில் செய்த சட்டம் வேண்டுமென்றார்கள். ஆறாம் ஜான் அரசர் ஒப்புக்கொண்டார். மறுநாளே ரத்து செய்தார். கூட்டத்தைப் பட்டாளம் கலைத்தது.

1822 செப்டம்பர் 7இல் அவர் மகன் பெட்ரோ சுதந்திரம் அறிவித்தார். ஆனால் சட்டம் எழுதக் கூடிய பிரதிநிதி சபையை 1823இல் பட்டாளத்தைக் கொண்டு கலைத்துவிட்டு, 1824இல் தாமே ஒரு சட்டத்தை வழங்கினார். மந்திரிகளின் அதிகாரம் வேறு, அவர்களுக்கு மேல் நடுநிலையாய் நிற்கும் அரசரின் அதிகாரம் வேறு என்று பிரான்சில் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் எழுதியிருந்தார். பெட்ரோ அந்த நடுநிலை அதிகாரத்தை இரவல் வாங்கி, இரண்டையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அரசர் புனிதமானவர், அவர் எதற்கும் பொறுப்பாளி அல்ல என்றும் எழுதிக்கொண்டார்.

நிற்க. அதே சட்டத்தின் 179ஆவது பிரிவு, சவுக்கடி, சித்திரவதை, சூட்டுக்கோல் எல்லாம் ஒழிந்தன என்றது. எவ்வளவு அழகான வார்த்தை! ஆனால் 1830இல் வந்த குற்றச் சட்டம், அடிமைகளுக்கு மட்டும் சவுக்கடித் தண்டனையை வைத்துக்கொண்டது. அது 1886 வரை நீடித்தது. அடிமை முறையோ 1888 மே 13இல்தான் ஒழிந்தது. அதாவது, சுதந்திரம் வந்து 66 வருஷம் கழித்து!

நல்லது எந்த நாட்டில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளுவதில் வெட்கமில்லை. ஆனால் எடுக்கிறவன் யார் என்று பார்க்க வேண்டாமா? கரும்புத் தோட்டமும் அடிமைகளும் உடையவர்கள், லிஸ்பனிடமிருந்து தங்களைக் காக்கும் பாகத்தை எடுத்துக்கொண்டு, தங்களிடமிருந்து அடிமையைக் காக்கும் பாகத்தை விட்டுவிட்டார்கள். இரவல் கொடுத்த வட அமெரிக்காவும் அன்று அடிமைகளை வைத்திருந்த தேசந்தானே!

ஆதலால், ஒரு சட்டத்தின் யோக்கியதையை அறிய அது பிறந்த ஊரை விசாரிக்க வேண்டியதில்லை. அந்நாட்டில் கடைசிப்படியில் நிற்பவனின் முதுகைப் பார்த்தால் போதும்.