ரெண்டேகால் சென்டிமீட்டர்

49 மார்க் வாங்கி அரியர் வெச்ச அனுபவம் உண்டா? போன செமஸ்டர்ல எனக்கு உண்டு. ஹாஸ்டல் மொட்டை மாடியில உட்கார்ந்து அண்ணாமலையார் மலையையே முறைச்சுக்கிட்டிருந்தேன். "ஒரே ஒரு மார்க்ண்ணா"னு புலம்பினப்போ, ஃபைனல் இயர் அண்ணா ஒருத்தர் கேட்டார்: "வீர்தவல் காடே தெரியுமாடா?"

தெரியாது. உங்களுக்கு?

கோலாப்பூர்க்காரர். நீச்சல் வீரர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல கலந்துக்கிட்டப்போ வயசு 16. அதாவது, நாம ப்ளஸ் ஒன் ட்யூஷனுக்கு சைக்கிள் மிதிச்ச வயசு! 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுல 50 மீட்டர் பட்டர்ஃப்ளையில வெண்கலம். 1986 சியோல்ல கஜான் சிங் வெள்ளி வாங்கினதுக்கப்புறம் 24 வருஷம் கழிச்சு நீச்சல்ல இந்தியாவுக்குக் கிடைச்ச ஆசிய மெடல் அது.

மகாராஷ்டிர அரசு தாசில்தார் வேலை கொடுத்தது. எங்க வீட்ல கேட்டா, 'அதுக்கு மேல என்னடா வேணும்'பாங்க. பட்டா, ஃபைல், ஆபீஸ்னு போனதுல சில வருஷம் போட்டிப் பக்கமே அவரால வர முடியலை. அப்புறம் திரும்பி வந்தார் பாருங்க, அதுதான் மேட்டர்.

2018 ஆகஸ்ட், ஜகார்த்தா. 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். டர்ன் கிடையாது. குதிச்சோமா, சுவரைத் தொட்டோமான்னு கதை முடிஞ்சுடும். ஹீட்ஸ்ல 22.43 செகண்ட். 2009ல தானே வெச்ச 22.52 தேசிய சாதனையை ஒன்பது வருஷம் கழிச்சு தானே உடைச்சார். ஃபைனல்ல 22.47. ஜப்பானின் ஷுனிச்சி நகாவோ 22.46. வெண்கலம் அவருக்கு, காடேவுக்கு நாலாவது இடம். ஹீட்ஸ்ல போன வேகத்துல போயிருந்தாலே மெடல்!

இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன். 50ஐ 22.47ஆல வகுத்தா செகண்டுக்கு 2.225 மீட்டர். 0.01 செகண்டுக்கு ரெண்டேகால் சென்டிமீட்டர். கட்டைவிரல் அகலம்தான்.

இன்னொரு கூத்து. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர் மெட்லியில ஸ்வீடனின் குன்னார் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை 0.002 செகண்ட்ல ஜெயிச்சார். அதுக்கப்புறம் செகண்டை நூறா பிரிச்சா போதும், ஆயிரமா வேண்டாம்னு விதியையே மாத்திட்டாங்க. காரணம், குளத்தை அவ்வளவு துல்லியமா கட்ட முடியாது. 50 மீட்டர் லேன் 3 சென்டிமீட்டர் வரை கூடுதலா இருக்கலாம்னு ரூல்லயே இருந்துச்சு. காடே கோட்டை விட்டதோ அந்த மூணுக்குள்ள அடங்குற ரெண்டேகால். என்ன நியாயம் சார் இது? இதுக்கு ரீவேல்யுவேஷனும் கிடையாது.

நம்ம பக்கம் நீச்சல்னா கிணறுதான். முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டார், கத்துக்கிட்டேன். ஆழம் உண்டு, நீளம் கிடையாது. நாலு கை போட்டா எதிர்ச்சுவர். பத்தாவது பப்ளிக் எக்ஸாம்னு அதையும் நிறுத்தினாங்க. நானும் சரின்னுட்டேன். வேலையும் சம்பளமும் கையில இருக்கும்போதே ஒருத்தர் திரும்பவும் தண்ணியில குதிச்சிருக்கார்னு கேட்டப்போ, கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு.

2023 கோவா தேசிய விளையாட்டுல, 32 வயசுல, அதே 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல தங்கம் வாங்கிட்டு காடே ரிட்டயர் ஆனார். பெண்கள் 50 மீட்டர்ல தங்கம் யாருக்குங்கறீங்க? அவரோட மனைவி ருஜுதாவுக்கு!