பெற்றோரே, கெஞ்சாதீர், கேளுங்கள்!

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. "விசாரணை முடியும்வரை உமக்கு வகுப்புத் தடை" என்பது அதன் சாரம். கண்ணை விற்றுப் படிப்பித்த பிள்ளைக்கு வந்த அக்கடிதத்தைக் கண்டதும் நம் பெற்றோர் என் செய்கின்றனர்? ஒருவர் பாராளுமன்ற உறுப்பினரின் வாசலிலே காத்துக்கிடக்கின்றார். மற்றொருவர் பீடாதிபதிக்கு வேண்டிய உறவினர் யாரெனத் தேடி ஊரூராய் அலைகின்றார். இன்னொருவரோ, செய்த குற்றம் இன்னதென்றே அறியாமல், பிள்ளையைக் கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதுவித்துக் கையொப்பமும் இடுவித்து விடுகின்றார். வழக்குத் தொடங்குமுன்னே தீர்ப்பைத் தாமே எழுதிக் கொடுத்தவர் ஆகின்றார்!

ஒழுக்காற்று நடவடிக்கை வேண்டாமென்று நாம் கூறவில்லை. 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்து மாணவர் ஒருவர் பகிடிவதையினாற் சிறுநீரகம் பழுதுற்று மாண்டதை இந்நாடு மறந்துவிடவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு பிறந்ததே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம். பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையிலும், அதன்போது பாலியற் துன்புறுத்தலோ கொடுங்காயமோ நேர்ந்தாற் பத்து ஆண்டுகள் வரையிலும் மறியலுண்டு. குற்றவாளியான மாணவரைக் கல்விக்கூடத்தை விட்டே நீக்குமாறு நீதிமன்று கட்டளையிடலாம். கொடியோர் தண்டிக்கப்படட்டும். ஆனால், தண்டிக்கப்படுபவர் கொடியோர்தானா என்பதை எவ்வாறு அறிவது? விசாரணையினால் அன்றி வேறெவ்வாறு?

விசாரியாது தண்டித்ததனாலன்றோ பாண்டியன் நெடுஞ்செழியன் கோல் வளைந்தது! வற்றாப்பளையிலே கண்ணகைக்குப் பொங்கலிடும் நாம், அவள் அரசவையிற் செய்தது யாதென எண்ணிப் பார்த்தோமா? அவள் அரசன் காலில் விழவில்லை. சிலம்பைக் கையில் ஏந்திச் சென்று வழக்குரைத்தாள். சான்றை உடைத்துக் காட்டினாள். அவளைத் தெய்வமாக்கிய இனம், ஒரு பதிவாளரின் கடிதத்துக்கு முன் கூனிக் குறுகி நிற்பதா?

கேளாமையால் வரும் கேடு யாதென்பதற்கு நம் நாட்டு வழக்கொன்றே சான்று. "இலங்கைப் பல்கலைக்கழகம் எதிர் பெர்னாண்டோ" என்பது அதன் பெயர். 1952ஆம் ஆண்டு இறுதித் தேர்விலே, ஜேர்மன் மொழி வினாத்தாளில் வந்த பந்தியொன்றை விஞ்ஞான மாணவர் ஒருவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. சக மாணவி ஒருவர் அவர் இல்லாத வேளையிற் சாட்சியம் அளித்தார். பல்கலைக்கழகம் அவரைக் காலவரையறையின்றித் தேர்வுகளிலிருந்து நிறுத்தியது. அவர் மாவட்ட நீதிமன்றிலே தோற்றார்; உயர் நீதிமன்றிலே வென்றார்; அக்காலத்தில் இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சிலில் 1960இல் மீண்டும் தோற்றார். ஏன்? குற்றச்சாட்டை அறியும் உரிமையும், பதிலுரைக்கும் வாய்ப்பும், நேர்மையான விசாரணையும் மாணவருக்கு உண்டென்பதை அம்மன்றம் ஒப்புக்கொண்டது. அவை அவருக்குக் கிடைத்தன என்றது. அச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமென அவர் கேட்டிருந்து, அது மறுக்கப்பட்டிருப்பின், விசாரணையே செல்லாது போயிருக்கக்கூடும் என்றும் கூறியது. ஆனால் அவரோ கேட்கவேயில்லை!

பெற்றோரே, அந்த ஒரு சொல்லை மனத்திற் பதியுங்கள்: கேட்கவேயில்லை.

எதனைக் கேட்பது? குற்றச்சாட்டை எழுத்திற் கேளுங்கள்: எந்த நாள், எந்த இடம், எந்தச் செயல், மீறப்பட்ட விதி எது? மாணவர் ஒழுக்கம் பற்றிய துணைவிதிகளின் பிரதியைக் கேளுங்கள். தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்கத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவர். எதிராயுள்ள சான்றுகளைக் காட்டுமாறு கேளுங்கள். சாட்சிகளை வினவ இடங்கேளுங்கள். முறைப்பாடு செய்தவரே விசாரணைக் குழுவில் அமர்ந்திருந்தால், அன்றே ஆட்சேபியுங்கள். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் தகாது என்பது எந்நாட்டுக்கும் பொது நீதி. முடிவையும் அதன் காரணங்களையும் எழுத்திலே கேளுங்கள். இவையனைத்தையும் வாயாற் கேட்டுப் பயனில்லை. கடிதமாய்க் கேட்டுப் பிரதியைப் பெட்டகத்தில் வையுங்கள். பிள்ளை பதினெட்டு வயதைக் கடந்தவராதலின், கையொப்பம் அவருடையதாகட்டும், துணிவு உங்களுடையதாகட்டும்.

தென்னிலங்கையிற் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இன்னுமோர் எச்சரிக்கை. விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திற் கையொப்பம் இடாதீர்கள். தமிழும் ஆட்சிமொழி என 1987இல் 13ஆம் திருத்தம் அரசியலமைப்பிலே பொறித்தது. ஏட்டில் உள்ள அவ்வுரிமை, கேட்பவன் வாயிலன்றி உயிர் பெறாது. மொழிபெயர்ப்பைக் கேளுங்கள், அது வரும்வரை பேனாவை மூடி வையுங்கள்.

காலமும் ஒரு பகை. பல்கலைக்கழகத்தின் செயல் அடிப்படை உரிமையை மீறுவதாயின், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றுக்கு மனுச் செய்ய ஒரு மாதமே தவணை. அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அத்தவணையிற் சேராது. எழுத்தாணை வேண்டி மேன்முறையீட்டு நீதிமன்றை நாடும் வழியும் உண்டு. ஆனால் நடப்பது யாது? பெரியவர்களின் வாசலிற் காத்திருந்தே அம்மாதம் கழிகிறது. "பார்ப்போம், பேசுவோம்" என்ற இனிய சொல்லை நம்பி வீடு திரும்பிய தந்தை, சட்டத்தரணியை நாடும்போது கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. கெஞ்சியது வீணானது மட்டுமன்று. கேட்கும் உரிமையையும் அது விழுங்கிவிட்டது!

செல்வாக்கினாற் சிலருக்குத் தடை நீங்குவதில்லையா எனக் கேட்பீர்கள். நீங்கும். ஆனால், இன்று உங்கள் பிள்ளையை மீட்ட அதே செல்வாக்கு, நாளை உங்கள் மகளை விடுதியில் வதைத்தவனையும் மீட்கும். அன்று எந்த முகத்துடன் நீதி கேட்பீர்கள்? செல்வாக்கு இல்லாத தோட்டத் தொழிலாளியின் மகன், கடற்றொழிலாளியின் மகள் ஆகியோருக்குத் துணை யார்? முறையான விசாரணை ஒன்றே வலியவனுக்கும் எளியவனுக்கும், குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கும் வதைபட்டவனுக்கும் ஒருங்கே காவல்.

பல்கலைக்கழக நிருவாகிகளுக்கும் ஒன்று கூறுவோம். முடிவின்றி நீளும் வகுப்புத் தடை, விசாரணையின் பெயரால் விதிக்கப்படும் தண்டனையே. நீதியைக் கற்பிக்கும் கூடம் அதனைத் தன் மாணவருக்கு மறுக்குமாயின், அங்கு சட்ட பீடம் எதற்கு?

பெற்றோரே! பிள்ளை குற்றம் செய்திருந்தால், தண்டனையை ஏற்கச் செய்யுங்கள். செய்யாதிருந்தால், இறுதிவரை வழக்காடுங்கள். எதுவாயினும், நீதியை இரந்து பெறாதீர்கள். அது பிச்சையன்று, உரிமை!