சவுக்கு இருக்க பைன் எதற்கு?

மறுபடியும் ஒரு பைன் செத்துவிட்டது. இந்த முறை என்னுடையது அல்ல, அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த நண்பருடையது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நர்சரியில் 7,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். வீட்டில் 700 என்று சொல்லியிருக்கிறார். பென்ஷன்காரனுக்கு 7,000 என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு மாதத்தில் ஊசியிலைகள் பழுத்து, தொட்டால் உதிர்ந்தன. "தண்ணி பத்தலையோ அண்ணே?" என்று என்னைக் கேட்டார்.

தண்ணீரில் குறையில்லை. விற்றவர், "ஜப்பான் கடற்கரை மரம் சார், உப்புக் காத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். பாதி உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம். ஜப்பானியக் கறுப்புப் பைன் கடலோர மரம்தான். அங்கே காற்றுத் தடுப்பாகவே அதை நட்டிருக்கிறார்கள். உப்பைத் தாங்கும். ஆனால் வருடத்தில் சில மாதம் நல்ல குளிரில் அது தூங்க வேண்டும். அந்தத் தூக்கத்துக்குப் பிறகுதான் வசந்தத்தில் மெழுகுவர்த்தி மாதிரி குருத்து விடும். அந்தக் குருத்தைக் கிள்ளித்தான் போன்சாய்க்காரர்கள் வடிவம் கொண்டுவருகிறார்கள். மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும் நம் ஊரில் அது எங்கே தூங்கும்? போதாக்குறைக்கு, வாங்கியவர் அதைக் கூடத்தில் டி.வி. பக்கத்தில் வைத்து ஏசி போட்டிருக்கிறார். பைனுக்கு வேண்டியது வெளி வெயிலும் வெளிக் குளிரும். ஏசி குளிர் கணக்கில் வராது.

வாஷிங்டன் தேசியத் தாவரத் தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்வது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், யமாகி குடும்பத்தார் வீட்டு மதிலுக்குப் பின்னால் நின்று பிழைத்தது. 1976இல் அதை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அணுகுண்டுக்குத் தப்பிய சாதி மரத்தை நாம் நாலு மாதத்தில் முடித்துவிடுகிறோம். நானும் யோக்கியன் இல்லை, மூன்றைக் கொன்றிருக்கிறேன்.

இத்தனைக்கும் பைனின் சாயலில் ஒரு மரம் இந்தக் கரையெல்லாம் நிற்கிறது. சவுக்கு. புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அதற்கு 'ஃபிலாவோ' என்று பெயர். பாடப் புத்தகத்துப் பைன் மரப் படத்தைக் காட்டினால் பையன்கள் எல்லோரும் "சவுக்கு!" என்றுதான் கத்துவோம். கிறிஸ்துமஸுக்குக் குடில் பக்கத்தில் நட்டதும் சவுக்குக் கிளைதானே. தாவரவியலில் இரண்டுக்கும் உறவில்லை. சவுக்கின் ஊசி இலையே அல்ல, கணுக்கணுவான பச்சைக் குச்சி. உண்மையான இலை அந்தக் கணுவில் செதிலாக ஒட்டியிருக்கும், கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும். தைவானிலும் இந்தோனேசியாவின் மதுரா தீவிலும் இதே சவுக்கில் போன்சாய் செய்து அதற்கென்று ஒரு பேரே எடுத்திருக்கிறார்கள். நமக்கு மட்டும் அது விறகு, பந்தல்கால், சாரக் கழி. இளக்காரம்தான், வேறென்ன?

வடிவத்துக்கு ஜப்பானியப் படங்கள் தேவையில்லை. உப்பளத்தைத் தாண்டிக் கடலோரம் நடந்து பாருங்கள். கடல் காற்றில் மேற்கே சாய்ந்து, ஒரு பக்கம் மட்டும் கிளை விட்டு நிற்கும் சவுக்குகள் எத்தனை! 2011 தானே புயலில் தலை முறிந்து, பக்கக் கிளையைத் தலையாக்கிக்கொண்ட ஒன்றைப் பார்த்துத்தான் என் தொட்டி மரத்துக்கு வடிவம் கொடுத்தேன். பார்க்கத்தான் சொன்னேன், தோண்டி எடுத்து வராதீர்கள். அவை ஊரைக் காக்க நட்டவை. தோப்புக்கு விற்கும் நாற்று சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

பென்சில் பருமன் ஆனதும் அலுமினியக் கம்பி சுற்றலாம். சவுக்கு வேகமாகப் பருக்கும். நான் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கித் திரும்புவதற்குள் கம்பி பட்டையில் புதைந்துவிட்டது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நுனிகளைக் கையால் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒரு கிளையைப் பச்சையே இல்லாமல் மொட்டையடித்தால் அது காய்ந்துவிடும். தொட்டி மாற்றும்போது பழைய மண்ணில் ஒரு பிடி சேருங்கள், வேர் முண்டுகளில் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் அதில் இருக்கிறது. சித்திரையில் இரண்டு வேளைத் தண்ணீர். நம் போர் தண்ணீர் உப்பு என்பது தெரிந்ததே. சவுக்கு தாங்கும் என்றாலும் தொட்டிக்குள் உப்பு ஏறிக்கொண்டே போய் மேல் மண் வெள்ளை பூக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது அடி ஓட்டை வழியாக ஓடும்படி ஊற்றிக் கழுவுங்கள்.

செடியைக் கம்பியால் கட்டுவது பாவம் என்று சிலர் எனக்கு உபதேசம் செய்கிறார்கள். தோப்புச் சவுக்கை நாலைந்து வருடத்தில் அடியோடு வெட்டி லாரியில் ஏற்றும்போது இவர்கள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. என் தொட்டிச் சவுக்குக்குப் பன்னிரண்டு வயது.

போன வாரம் நண்பர் வந்து ஒரு நாற்று கேட்டார். ஓட்டை உள்ள தொட்டி கொண்டு வரச் சொன்னேன். கூடத்தில் வைக்க மாட்டேன், மொட்டை மாடியில்தான் வைப்பேன் என்று அவர் வாயால் சொன்ன பிறகே கொடுத்தேன். விலை என்னவென்று வீட்டில் கேட்டால் இந்த முறை உண்மையையே சொல்லலாம்.