277 ரன் எடுத்தவருக்கு இடம் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆவடி, அம்பத்தூர் மைதானங்களில் கிரிக்கெட்தான். ஆட்டம் முடிந்தால் டீக்கடையில் வாக்குவாதம். "ஜெகதீசனை ஏன் இந்திய அணியில் ஆட விடவில்லை?"

நியாயமான கேள்வி. என்.ஜெகதீசன் கோவைக்காரர், விக்கெட் கீப்பர். 2022-ல் விஜய் ஹசாரே போட்டியில் 141 பந்துகளில் 277 ரன் குவித்தார். ஆனால் எதிரணி அருணாசலப் பிரதேசம்! அதை மட்டும் காட்டி இடம் கேட்டால் எடுபடாது. 4 நாள் நடக்கும் ரஞ்சி ஆட்டத்தைப் பாருங்கள். 2023-24-ல் 816 ரன். சண்டிகாருக்கு எதிராக மட்டும் 321!

2025 ஜூலையில் இங்கிலாந்தில் ரிஷப் பண்டுக்குப் பாதத்தில் எலும்பு முறிந்தது. ஜெகதீசன் அவசரமாக லண்டன் போனார். ஓவல் டெஸ்டில் ஜுரெல் கீப்பராக ஆடினார்; இவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அக்டோபரில் மேற்கு இந்தியத் தீவுகள் அணி இங்கு வந்தபோதும் அதே கதைதான்.

கீப்பர் இடம் ஒன்றே ஒன்று. ஆகவே, தொடக்க ஆட்டக்காரராக இவரைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதே நம் கட்சி. ரஞ்சியில் அந்த இடத்தில்தானே இத்தனை ரன்னும் எடுத்தார்?

பத்ரிநாத் நினைவிருக்கிறதா? 2010-ல் நாகபுரியில் முதல் டெஸ்டிலேயே 56 ரன் எடுத்தார். கிடைத்தது மொத்தம் 2 டெஸ்ட். அப்போது அவருக்கு வயது 29. லண்டன் போனபோது ஜெகதீசனுக்கும் அதே 29.