கெட்டியான ஷாக்தான் நல்ல ஷாக்கா?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூர் பக்கம் ஜீப்போ பிக்கப்போ வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் மூன்று விதப் பாதை: தார்ச்சாலை, மேடு பள்ளமான மண் பாதை, கரையோர மணலும் உப்புச் சேறும். காலையில் மீனும் ஐஸும் ஏற்றிய அதே வண்டிதான், இரவில் அவசரமென்றால் வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். அது தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்ததும் பலர் கேட்பது, “கெட்டியான ஷாக்கா போட்டுடுங்க” என்பதுதான். பணம் வீணாவது அங்கேதான்.

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை, அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளும்போது, ஆட்டம் சூடாக மாறி வெளியேறுகிறது. பின்பக்கம் தாழ்ந்து தொங்கும் வண்டிக்கு ஷாக்கை மாற்றிப் பயனில்லை. ஸ்பிரிங்கையும் ஏற்றும் பாரத்தையும்தான் பார்க்க வேண்டும்.

அளவுக்கு மீறிக் கெட்டியான ஷாக் போட்டால், காலி வண்டி பள்ளத்தில் துள்ளும். டயர் தரையை விட்டு எழும்பும் நொடியில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. ஆகவே, வண்டி பெரும்பாலும் எவ்வளவு பாரத்தோடு ஓடுகிறது என்பதைக் கடையில் முதலில் சொல்ல வேண்டும்.

கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி நுரைக்கும். ஷாக்கின் பிடி தளரும். நைட்ரஜன் வாயு நிரப்பிய ஷாக்கில் நுரை குறைவு. அதில் ஒற்றைக் குழாய் வகை சீக்கிரம் சூடு தணியும், ஆனால் கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிவிடும். இரட்டைக் குழாய் வகை சிறு நசுங்கலைப் பொறுக்கும், விலையும் பொதுவாகக் குறைவு. மெதுவாக, குறைந்த தூரம் ஓடும் மீன் வண்டிக்கு இரட்டைக் குழாய் வகையே போதும். தனி எண்ணெய்த் தொட்டி வைத்த விலை உயர்ந்த வகை, பாலைவன ராலி போலப் பல மணி நேரம் வேகமாக ஓடும் வண்டிகளுக்கானது.

நீளமும் முக்கியம். குட்டையான ஷாக், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இழுபட்டு அறுந்துபோகலாம். நீளமானது மேட்டில் முட்டி உடையலாம். வண்டியை உயர்த்தி ஷாக் மாற்ற நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது.

இந்தக் கரையில் ஷாக்கின் பெரிய எதிரி உப்பு. பளபளக்கும் தண்டில் துரு பிடித்தால், அது சீலைக் கிழித்து எண்ணெயை ஒழுகவிடும். தண்டை மூடும் ரப்பர் உறை கிழியாமல் இருக்க வேண்டும். சேற்றில் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவிவிடுவது நல்லது.

புதிது வாங்கும் முன் ஒரு சோதனை. வண்டியின் மூலையை அழுத்திவிட்டால், ஓரிரு ஆட்டத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் ஆடினாலோ, ஷாக்கின் மேல் எண்ணெய்க் கசிவு இருந்தாலோ மாற்றியாக வேண்டும், ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து. ‘டக் டக்’ சத்தம் மட்டும் என்றால், தேய்ந்த ரப்பர் புஷ்ஷை மாற்றினாலே போதுமாக இருக்கலாம். அது சில்லறைச் செலவுதான்.