பெயின்ட்டுக்கு ₹80,000 இருக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு இல்லையா?

பழைய அம்பாஸடர் வாங்கி ரெஸ்டோர் பண்ணலாமான்னு கேட்டு மாசம் ரெண்டு மெயிலாவது வருது. பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆனவங்க. பட்ஜெட் ஷீட்டும் கூடவே வரும். பெயின்ட் ₹80,000, சீட் ₹25,000, க்ரோம் வேலை ₹20,000. கடைசி வரியில "இன்ஜின் சில்லறை வேலை, ₹5,000". இந்த வரிசையே தலைகீழ்னு நான் சொல்றேன்.

எங்க அப்பாவோட 1986 மார்க் 4 வண்டியிலதான் இதைக் கத்துக்கிட்டேன். 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். ஐடிலிங்ல நடுங்கும், மேட்டுல இழுக்காது, நடுநடுவே பட்டுனு வெடிக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்ல இன்ஜினை இறக்கி போர் பண்ணணும்னு ₹60,000 எஸ்டிமேட் கொடுத்தாங்க. எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்கிற அளவுக்குப் போயிட்டேன். (ஊருக்கெல்லாம் அதைத் தொடாதேன்னு சொல்ற ஆளு நான்!)

பணம் கட்டறதுக்கு முன்னாடி வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காட்டினேன். முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணார். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு, குறையும் இல்ல. அப்போ போர் எதுக்கு? அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழட்டி, ரோட்டரைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டினார். ஷாஃப்ட்டே ஆடுச்சு.

அந்த ஆட்டம் ஏன் முக்கியம்? சிபி பாயிண்ட் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும்தான் காயில்ல இருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி, ரோட்டர் வழியா 1-3-4-2 வரிசையில பிளக்குக்குப் போகுது. அந்த இடைவெளி 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மி.மீ. புஷ் தேய்ஞ்சு ஷாஃப்ட் 0.1 மி.மீ. ஆடினாலே இடைவெளியில கால்வாசி போச்சு. ஒரு சிலிண்டருக்கு சீக்கிரம் பொறி, இன்னொண்ணுக்கு லேட். ஃபீலர் கேஜ் வச்சு எத்தனை தடவை செட் பண்ணாலும் நிக்காது. நாங்க அதுக்கு முன்னாடி மூணு தடவை பாயிண்ட் மாத்தியிருந்தோம், மூணும் தண்டம்.

கழட்டறதுக்கு முன்னாடி ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு மார்க் பண்ணி, போன்ல போட்டோ எடுத்துக்கிட்டோம். புது புஷ்ஷை ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயில்ல ஊறப்போட்டு, அப்புறம்தான் அடிச்சாங்க. வாக்யூம் அட்வான்ஸ் குழாயை வாயால உறிஞ்சி நாக்கால அடைச்சுப் பார்த்தார்; காத்து நின்னுச்சு, டயாஃப்ரம் தப்பிச்சது. உள்ளே வெயிட்டுகளைப் பிடிக்கிற ரெண்டு ஸ்பிரிங்குல ஒண்ணு லூசா இருந்துச்சு. மாத்திடலாமான்னு கேட்டேன், திட்டு விழுந்துச்சு. அது வேணும்னே அப்படி வச்சது. வேகம் ஏறின பிறகுதான் அந்த ஸ்பிரிங் வேலை செய்யும்.

பில்: புஷ், லேத் கூலியோட ₹1,200. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், கேப் ₹1,450. கூலி ₹1,500. மொத்தம் ₹4,150. வண்டி மேட்டுல ஏறுது.

"எலக்ட்ரானிக் கிட் போட்டா பாயிண்ட் தொல்லையே இல்லையே"ன்னு சிலர் கேக்கறீங்க. போடுங்க, நல்லதுதான். ஆனா ஆடுற ஷாஃப்ட்டுல போட்டா டைமிங் ஆடிக்கிட்டேதான் இருக்கும். புஷ் முதல்ல, கிட் அப்புறம்.

இதை "இன்வெஸ்ட்மென்ட்"னு ஷீட்ல எழுதறவங்களுக்கு ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கான கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தே இல்ல. லாபத்துல வித்தா வரி கிடையாது, சந்தோஷம். நஷ்டத்துல வித்தா அதை எதுலயும் கழிக்க முடியாது. பெரும்பாலும் நடக்கப்போறது ரெண்டாவதுதான். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும், ஃபிட்னஸ் பாஸாகணும். அங்கே இன்ஸ்பெக்டர் உங்க பெயின்ட் ஷேடைப் பாராட்டி சர்டிஃபிகேட் தரமாட்டார்.

ஆசைக்குச் செலவு பண்றது தப்பே இல்ல. நானும் பண்றேன். ஆனா பளபளன்னு நிக்கிற வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய், கடன் வாங்கி இன்ஜினைப் பிரிச்சவங்க ரெண்டு பேரை எனக்கே தெரியும். பிரிச்ச பிறகு "தேவையே இல்லாம பிரிச்சுட்டோம்"னு எந்த ஒர்க்‌ஷாப்பும் சொல்லாது.

அதனால ஷீட் அனுப்பினவங்க ஒரு திருத்தம் பண்ணுங்க. முதல் வரி கம்ப்ரஷன் டெஸ்ட், ரெண்டாவது வரி டிஸ்ட்ரிபியூட்டர். அந்த ரிசல்ட்டோட மறுபடி அனுப்புங்க, பெயின்ட் பத்தி அப்புறம் பேசலாம்.