கஅபாவைக் காணப் புறப்படும் முன் கண்களைக் காட்டுங்கள்

 

நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று வகைச் செய்திகள் நாள்தோறும் வந்து சேர்கின்றன. ஒன்று, புதிதாக வெளிவந்த கருவி. மற்றொன்று, சர்க்கரை நோய் பற்றிய மருத்துவச் செய்தி. மூன்றாவது, ஹரமை நோக்கிய சன்னலுடன் ஐந்து நட்சத்திர விடுதியில் தங்கும் உம்ரா பயண அறிவிப்பு. மூன்றையும் கண்டு வியக்கிறோம், அடுத்தவருக்கு அனுப்புகிறோம். அந்த வியப்பினால் நம் வீட்டுப் பெரியவர்கள் அடைந்த பயன் என்ன என்பதை ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை உம்ராவுக்கு அழைத்துச் சென்றேன். வாழ்நாள் முழுவதும் எங்களுக்காக உழைத்தவர் சிரமப்படக் கூடாது என்று, ஹரமைப் பார்த்தபடி அமைந்த அறையையே எடுத்திருந்தேன். சென்று சேர்ந்த இரவில் திரையை விலக்கி, "பாருங்கம்மா" என்றேன். வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "கறுப்பா ஏதோ தெரியுது தம்பி, அதுதானே கஅபா?"

அவருக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரை தவறியதில்லை. ஆனால் விழித்திரையை ஒருமுறைகூடப் பரிசோதித்ததில்லை. ஊர் திரும்பியதும் கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். எஞ்சியிருக்கும் பார்வையைக் காக்க முயலலாம், இழந்தது முழுமையாகத் திரும்புவது கடினம் என்றார். அந்த விடுதி அறையின் ஓர் இரவு வாடகையைவிட, பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய அந்தப் பரிசோதனையின் கட்டணம் மிகக் குறைவு. இக்குறை வேறு எவருடையதும் அன்று, மகனாகிய என்னுடையது.

இந்நோயின் இயல்பை அனைவரும் அறிந்திருப்பது அவசியம். இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் மிகுந்திருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்த நாளங்கள் பழுதடைகின்றன. அவற்றிலிருந்து நீர் கசிந்து விழித்திரை வீங்கும். சிலருக்கு வலுவற்ற புதிய நாளங்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் கசியும். தொடக்கத்தில் வலி இராது, பார்வையும் மங்காது. கண்புரை என்றால் அறுவைச் சிகிச்சையில் பார்வையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இது அவ்வாறன்று. உரிய காலத்தில் கண்டறிந்தால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பார்வையிழப்பைப் பெருமளவு தடுக்கலாம்; காலம் கடந்தால் இழந்தது இழந்ததே. எனவேதான், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நம் வீடுகள் இதற்கு விதிவிலக்கல்ல.

வியக்கத்தக்க செய்தி ஒன்று நம் மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கைகளுடன் இங்கு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்த நிறுவனம். கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரிப்பதற்காக 1992இல் ஆரோலேப் உருவானதும் மதுரையில்தான். விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோயின் பாதிப்பைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு முறை ஒன்றைக் கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கி, 2016இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கொண்டு அதைப் பழக்கினார்கள். அப்படங்களில் அரவிந்த் மருத்துவமனையின் படங்களும் அடங்கும். 2019இல் அம்முறை மதுரை அரவிந்தில் நோயாளிகளைப் பரிசோதிக்கும் பணியில் சேர்க்கப்பட்டது. உலகம் பேசும் தொழில்நுட்பம், காஜிமார் தெருவிலிருந்து ஆட்டோவில் சென்றடையும் தொலைவில் இருக்கிறது. ஆனால் எந்த நுண்ணறிவும் நம் தாயாரின் கையைப் பிடித்து அண்ணா நகருக்கு அழைத்துச் செல்லாது. அது பிள்ளைகளின் வேலை.

புதுமை என்ற பெயரில் வருபவை எல்லாம் பயனுள்ளவையும் அல்ல. ஊசி குத்தாமலே இரத்தச் சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அத்தகைய எதற்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்றும், அவற்றை நம்ப வேண்டாம் என்றும் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகள் அத்தாவுக்கு அன்பளிப்பாக அதை வாங்கி வருவதைவிட, விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை அவருடைய கண்களுக்காக ஒதுக்குவது மேலான அன்பளிப்பு.

பின் ஏன் நாம் செல்வதில்லை? "சர்க்கரை கொஞ்சம்தான் இருக்கு" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. துணைக்கு வர மகனுக்கு நேரமில்லை என்பதால் மாதங்களைத் தள்ளிப்போடும் தாய்மார்கள் நம்மில் பலர். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால், துணை அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. "அல்லாஹ் நாடியது நடக்கும்" என்பாரும் உண்டு. உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன் மீது பொறுப்புச் சாட்டக் கற்றுத்தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். நோய்க்கு மருத்துவம் செய்யும்படி ஏவியவர்களும் அவர்களே.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்கிய இப்னுல் ஹைதமை நம் மேடைகளில் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அவருடைய சமுதாயம் தன் தாய்மார்களின் கண்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டு அப்பெருமையைப் பேசுவதில் பொருளில்லை.

ஹலாலான சம்பாத்தியத்தில் பெற்றோருக்கு வசதியான பயணம் ஏற்பாடு செய்வதை நான் குறை கூறவில்லை, அது நன்மையே. ஆனால் வரிசை முக்கியம். கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கும் அதே வாரத்தில் விழித்திரையையும் படம் எடுத்துவிடுங்கள். பயண முகவருக்கு முன்பணம் கொடுக்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஜமாஅத்துகளும் முன்வரலாம். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வளாகத்தில், பெண்களுக்குத் தனி இடத்துடன், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை முகாம் நடத்துவது பெரிய செலவன்று.

கண்கள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் பெற்றோரின் கண்கள் அவர்கள் முதுமை அடைந்தபின் நம் பொறுப்பிலும் சேர்கின்றன. கஅபாவை முதன்முறை காணும் பாக்கியம் பெறும் ஒவ்வொருவரும் அதைத் தெளிவாகக் காணும் பார்வையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.